தோட்டத்து உடம்பும் ரக்பித் திடலும்

ரக்பி என்னும் ஆட்டம் தமிழருக்கு உரியதன்று, அதிலும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வகையிலும் எட்டாதது என்ற எண்ணம் மலேசியத் தமிழரிடையே விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் வழங்கி வருகிறது. பள்ளித் திடலிலும் தேநீர்க் கடையிலும் ஒருங்கே கேட்கக்கூடிய இவ்வெண்ணத்தின் முதல் கூற்று, தமிழ் உடம்பு சிறியது, முட்டி மோதும் ஆட்டத்துக்கு அது தாங்காது என்பதாகும். அதை யாரேனும் மறுத்தால், ரக்பி துரைமாரும் விடுதிப் பள்ளி மாணவரும் ஆடுவது, கூலிக்காரர் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்ற அடுத்த கூற்று உடனே எழுகிறது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த, இன்றும் வாழ்கிற தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து இக்கூற்றுகளை ஆராய்ந்தால், முதலாவது அடிப்படையற்றது என்பதும், இரண்டாவது ஒரு வரலாற்று அநீதியை இயற்கைச் சட்டமாகக் காட்டுவது என்பதும் விளங்கும். அனைத்துலக ஆட்டக்காரர் ஒருவரின் விளையாட்டு வாழ்வை அவருடைய எலும்பும் தசையும் மட்டும் உருவாக்குவதில்லை. பள்ளி, திடல், பயிற்சியாளர், ஓய்வு நேரம், கழகம், தேர்வுப் போட்டி என்று படிப்படியாக அமைந்த ஓர் ஏணியே அதை உருவாக்குகிறது. கேமரன் மலையில் இல்லாதிருப்பது அந்த ஏணி.

ஆட்டத்தின் இயல்பை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ரக்பி யூனியன் என்பது பக்கத்துக்குப் பதினைந்து பேர் எண்பது நிமிடம் ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை', அதற்கு 5 புள்ளிகள் கிடைக்கும், அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள் சேரும். பதினைவரில் எண்மர் முன்னணியினர். சிறு தவறுகளுக்குப்பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதற்காக இரு அணியின் முன்னணியினரும் தோளோடு தோள் பூட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' என்னும் அமைப்பில் எடையும் வலுவும் இன்றியமையாதவை. மற்ற எழுவர் பின்னணியினர். வேகம், கைநயம், எதிராளியின் நகர்வைக் கணிக்கும் கூர்மை ஆகியவையே அவர்களுக்குத் தேவை. ஒரே அணியில் நூற்றிருபது கிலோ எடையுள்ள ஒருவரும் எழுபது கிலோ எடையுள்ள ஒருவரும் ஒரே அளவு மதிப்போடு நிற்கும் ஆட்டங்கள் உலகில் மிகச் சில. பெரிய உடம்பு உடையவருக்கே ரக்பி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திடலின் ஓரத்தைப் பாராமல் போனவர்களே.

அந்த ஓரத்தில், 'விங்' எனப்படும் இடத்தில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் புகழோடு ஓடினார். கொழும்பு ராயல் கல்லூரியில் பயின்ற சும்மா நவரத்தினம், குறுந்தூர ஓட்டத்தில் ஆசியாவின் மிக வேகமான மனிதர் என்று 1950-களில் பேசப்பட்டவர். சிஆர் அண்ட் எஃப்சி என்னும் கொழும்புக் கழகத்துக்கும் இலங்கை தேசிய அணிக்கும் ரக்பி ஆடியவர். பின்னாளில் பயிற்சியாளராக விளங்கியவர். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சுற்றுப்பயணத்தை முடித்துக் கப்பலில் திரும்பிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணி, அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்த அணி, 1950 செப்டம்பரில் கொழும்பில் இறங்கி இலங்கையோடு மோதியபோது, அந்த இலங்கை அணியில் அவர் இருந்தார். ஆட்டத்தில் லயன்ஸ் 44-6 என்ற கணக்கில் வென்றது. தோல்வியின் அளவைக் காட்டி, உடம்புக் கொள்கை இதனாலேயே மெய்ப்படுகிறதே என்று வாதிடுவோர் உண்டு. பல மாதத் தொடர் ஆட்ட அனுபவம் கொண்ட ஓர் அணியிடம் சிலரே இவ்விளையாட்டை அறிந்திருந்த ஒரு தீவு தோற்றதற்கு உடம்பைக் காரணமாகத் தேடவேண்டிய தேவை எங்கே இருக்கிறது? அத்தகைய ஆட்டத்தில் ஆடும் தகுதியை ஒரு தமிழர் பெற்றார் என்பதே இங்கு எடைபோட வேண்டிய செய்தி.

நவரத்தினத்தின் வாழ்வில் இருந்தவற்றைப் பட்டியலிட்டால், ராயல் கல்லூரியின் விரிந்த திடல், அங்கே ஆண்டாண்டாக மாணவரைப் பழக்கும் ஆசிரியர், 1945-இல் தொடங்கிய, கண்டி டிரினிடி கல்லூரியோடு மோதும் பிராட்பி கேடயப் போட்டியால் சூழலில் எழுந்த ஆர்வம், பள்ளியை விட்டு வெளியேறியதும் ஏற்றுக்கொள்ளக் காத்திருந்த கழகம் என்று அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றும் தென்படும். அவர் தமிழர் என்பது அந்தப் படிகளில் எதையும் தடுக்கவில்லை. அவர் கொழும்பின் முதன்மையான பள்ளியில் பயின்றவர், எனவே அவர் எடுத்துக்காட்டுத் தோட்டப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம், சொல்வது நியாயமே. ஆனால் அப்படிச் சொல்பவர் தமது முதல் கூற்றைக் கைவிட்டாக வேண்டும். இனம் காரணமன்று, பள்ளியே காரணம் என்று ஒப்புக்கொண்ட பிறகு தமிழ் உடம்பைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

உடம்பின் அளவு பற்றிய அச்சத்துக்கு உலக ரக்பியே மறுமொழி தந்திருக்கிறது. ஜப்பானின் ஃபுமியாக்கி தனாக்கா 166 சென்டிமீட்டர் உயரமே உடையவர். முன்னணியினர் பறித்த பந்தை எடுத்துப் பின்னணியினருக்குக் கடத்தும் 'ஸ்க்ரம் ஹாஃப்' என்ற இடத்தில் ஆடி, 2013-இல் நியூசிலாந்தின் ஹைலாண்டர்ஸ் அணியில் சேர்ந்து, தென் அரைக்கோளத்தின் பெருந்தொடரான சூப்பர் ரக்பியில் ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார். 2015 உலகக் கிண்ணத்தில், பிரைட்டன் நகரில், அதற்குமுன் இருமுறை உலகக் கிண்ணம் வென்றிருந்த தென்னாப்பிரிக்காவை ஜப்பான் 34-32 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவரே அந்த இடத்தில் தொடங்கினார். வேல்ஸ் நாட்டின் ஷேன் வில்லியம்ஸ் 170 சென்டிமீட்டர் உயரத்தோடு தம் நாட்டுக்காக 58 ட்ரைகளைக் குவித்து, 2008-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். மிகச் சிறியவர் என்று இளமையில் பலமுறை ஒதுக்கப்பட்டவர் அவர். இவ்விருவரையும் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் அவர்கள் ஆடிய இடங்கள் அத்தகைய உடம்புக்காகவே ஆட்டத்தின் அமைப்பில் இருப்பவை. ஓட்டத்தின் வேகமே அளவுகோல் என்றால், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர், தொடரோட்டம் மூன்றிலும் தங்கம் வென்ற எம். ஜெகதீசன் பிறந்த நாட்டில் தமிழரின் கால்களைப் பற்றி ஐயம் எழுவதே வியப்பு.

மோதும் ஆட்டம் தமிழருக்கு அயலானது என்ற கூற்றோ தமிழர் தம் ஆட்டத்தையே மறந்ததன் விளைவு. சடுகுடு, கபடி என்று வழங்கும் ஆட்டத்தில் பக்கத்துக்கு எழுவர். பாடி வருபவனை மடக்க, இடுப்புக்குக் கீழே தாழ்ந்து பாய்ந்து தொடையையோ கணுக்காலையோ இரு கையாலும் கட்டி, தலையை ஒருபுறம் விலக்கி, தோளால் உந்தித் தரையில் சாய்க்க வேண்டும். ரக்பியில் 'டேக்கிள்' என்று கற்பிக்கப்படும் பிடியின் அடிப்படை விதிகள் இவையே. தலையை எங்கே வைக்க வேண்டும், எதிராளியின் கண்ணை நம்பாமல் இடுப்பைப் பார்க்க வேண்டும், தனியே பிடிக்க முடியாவிட்டால் கைகோத்துச் சங்கிலியாய் வளைக்க வேண்டும் என்று தோட்டத்துத் திடலில் அண்ணன்மார் தம்பியருக்குச் சொல்லிக்கொடுத்தவை, உலகின் எந்த ரக்பிப் பயிற்சியாளரும் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பவற்றோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகும். பக்கத்துக்கு எழுவர், பாதிக்கு ஏழு நிமிடம் என்று சுருக்கி ஆடப்படும் 'செவன்ஸ்' ரக்பி, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் முதன்முதலாக இடம்பெற்று, 2016-இல் ஒலிம்பிக்கையும் எட்டிவிட்டது. சடுகுடுவில் பழகிய ஒரு பிள்ளைக்கு அந்த வடிவம் எத்தனை அருகில் இருக்கிறது என்பதைக் கேமரன் மலைக்குச் சில மணி நேரத் தொலைவில் உலகமே பார்த்தது. மலைமேல் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த உடம்புக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கேமரன் மலையின் பெயருக்குக் காரணமான நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இம்மலையை ஆராய்ந்தார். தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைந்த காலத்தில், 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கைத் தேயிலையில் அனுபவம் மிக்க ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து ரிங்லெட் அருகே போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டவும், சரிவைத் திருத்தவும், கன்று நடவும், கொழுந்து எடுக்கவும் வந்தோர் பெரும்பாலும் தமிழர். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்து அவர்களை மேற்பார்க்கும் கங்காணி என்ற தலைவரின்கீழ் அவர்கள் வேலை செய்தனர். தென்னிந்தியத் தொழிலாளர் அடக்கமானவர், பணிவானவர், மெலிந்த உடம்பினர், குறைந்த கூலிக்கு நிறைவடைபவர் என்று மலாயாத் தோட்ட உரிமையாளர் வட்டாரம் திரும்பத் திரும்பக் கூறிவந்தது. தமிழரை வேலைக்குத் தெரிந்தெடுத்ததற்கான காரணமாகவே அது கூறப்பட்டது. அதே துரைமார் கிளப்புத் திடலில் ரக்பி ஆடி, அந்த ஆட்டம் துணிவையும் தலைமைப் பண்பையும் வளர்ப்பது என்று பெருமை பேசினர். ஆள்பவனின் உடம்பு ஆட்டத்துக்கும் ஆளப்படுபவனின் உடம்பு வேலைக்கும் உரியது என்ற பிரிவினை அவ்வாறு எழுந்தது. கூலியைக் குறைத்து வைப்பதற்காகச் சொல்லப்பட்ட ஒரு வருணனையைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று தம்மைப் பற்றிய மருத்துவ உண்மைபோல் ஒப்பிப்பது மிகுந்த வேதனை தருவது.

இதற்கு நேர்மாறான ஒரு புகழ்ச்சியையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். தோட்டத்து உழைப்பே வலிமையைத் தருகிறது, எனவே தோட்டப் பிள்ளைகள் இயற்கையிலேயே விளையாட்டு வீரர்கள் என்று சிலர் அன்போடு சொல்வதுண்டு. இன்றைய கேமரன் மலையில் கொழுந்து எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவர். தேயிலை நிரையின் இருபுறமும் ஒருவர் ஒருவராக இருவர் நின்று, வளைந்த கத்தியுடைய அந்த இயந்திரத்தைச் செடிமேல் ஒரே மட்டத்தில் ஏந்தி, பின்னால் நீண்டு இழுபடும் பைக்குள் கொழுந்து விழும்படி, ஈரச் சரிவில் கால் வழுக்காமல் அடியடியாக நகர வேண்டும். ஒருவர் கை தாழ்ந்தால் முற்றிய இலையும் குச்சியும் விழும், உயர்ந்தால் கொழுந்து செடியிலேயே தங்கும். செங்குத்தான இடங்களில் தட்டுப் பொருத்திய கைக்கத்தரியோடு தனித்தனியே நிற்க வேண்டும். மாலையில் நிறைந்த மூட்டையைத் தோளிலேற்றிச் சாலைக்குக் கொண்டு வருபவரின் முதுகும் முழங்காலும் வலுப்பெறுவதைவிடத் தேய்வதே மிகுதி. (இவ்வேலையை இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேபாளிகள், இந்தோனேசியர் செய்கின்றனர் என்பதையும், தமிழ்க் குடும்பங்களில் பல வண்டியோட்டம், கடை, காய்கறித் தோட்டம், நகர வேலை என்று பிரிந்துவிட்டன என்பதையும் நினைவில் கொள்வது நல்லது, தோட்டத் தமிழர் என்றதும் கூடை சுமந்த பெண்ணின் படத்தை மட்டுமே காட்டும் பழக்கமும் இவ்வுடம்புக் கொள்கைக்குத் துணைபோவதே.) உழைப்பு உடம்பைத் தேய்க்கிறது, பயிற்சி வளர்க்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு போதிய உணவும் ஓய்வும் வழிகாட்டுதலும் ஆகும்.

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். ரக்பி மேட்டுக்குடியினரின் ஆட்டம் என்பது நடைமுறையில் பல இடங்களில் உண்மை. ஆனால் அது எவ்வாறு உண்மையாக்கப்பட்டது என்பதை அறிந்தால், அதைக் காரணமாகக் காட்டி ஒதுங்குவது எத்தகைய பிழை என்பது தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ரக்பியில் சிறந்து விளங்கினர். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், இழந்த கூலியைக் கழகம் ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பணம் வாங்கி ஆடுவது கண்ணியமன்று என்று தெற்கின் செல்வர்கள் மறுத்தனர். 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஒரு விடுதியில் கூடிய வடநாட்டுக் கழகங்கள் பிரிந்து போயின. பிரிந்தவர்களின் ஆட்டம் காலப்போக்கில் பக்கத்துக்குப் பதின்மூவர் ஆடும் 'ரக்பி லீக்' ஆயிற்று, மறுத்தவர்களின் ஆட்டம் 'ரக்பி யூனியன்' என்றே நின்றது. பணம் பெறாமல் ஆட வேண்டும் என்ற அந்த விதியை யூனியன் முழுமையாகக் கைவிட்டது 1995-இல். சரியாக ஒரு நூற்றாண்டு. அந்த நூறு ஆண்டுகளில், ஒருநாள் பிரட்டுக்குப் போகாவிட்டால், அதாவது விடியற்காலைப் பெயர்ப் பதிவுக்கு நிற்காவிட்டால், அன்றைய சம்பளத்தை இழக்கும் கேமரன் மலைத் தொழிலாளி ஒருவர் ரக்பி ஆட்டக்காரராக ஆகியிருக்க வழியே இல்லை. அவரது ஆற்றல் அளக்கப்படவேயில்லை. வேல்ஸ் நாட்டிலோ கூலிக்காரர் யூனியன் ஆட்டத்தை விட்டுப் பிரியாமல் அதையே தம்முடையதாக்கிக் கொண்டனர். ஷேன் வில்லியம்ஸ் வளர்ந்த ஊர் ஒரு நிலக்கரிச் சிற்றூர்.

இலங்கையிலும் ரக்பியின் வாயில்கள் இவ்வாறே காக்கப்பட்டன. 1892-இல் தோன்றிய கொழும்பு ஹாக்கி அண்ட் ஃபுட்பால் கிளப் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதாக நெடுங்காலம் இருந்தது. மலைநாட்டில் திம்புளை, டிக்கோயா, ஊவா ஆகிய பகுதிகளின் கழகங்கள் தேயிலைத் துரைமாருக்குரியவை. உள்நாட்டவர் 1922-இல் தமக்கெனத் தொடங்கியதே நவரத்தினம் பின்னாளில் ஆடிய சிஆர் அண்ட் எஃப்சி. அக்கழகம் இல்லாதிருந்தால் ஆசியாவின் மிக வேகமான மனிதருக்கும் ரக்பியில் இடம் கிடைத்திராது. இலங்கைக் கழகங்கள் போட்டியிட்டுவந்த கிளிஃபர்ட் கிண்ணம், 1925 முதல் 1927 வரை அங்கே ஆளுநராயிருந்த சர் ஹியூ கிளிஃபர்டின் துணைவியார் அளித்தது. அதே கிளிஃபர்ட் அதற்கு முன் பகாங்கில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய அதிகாரியாக, இருந்தவர். பகாங்கை ஆண்ட ஒருவரின் பெயர் இலங்கை ரக்பியில் நிலைத்துவிட்டது. பகாங்கின் மலையில் வியர்வை சிந்தியவர்களின் பெயர் எந்த ரக்பிக் கிண்ணத்திலும் இல்லை.

மலாயாவில் எச்எம்எஸ் மலாயா என்னும் போர்க்கப்பலின் பெயரால் 1920-களின் தொடக்கத்தில் மாநிலங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டி உருவாயிற்று. விடுதலைக்குப்பின் ஆட்டம் அரச விடுதிப் பள்ளிகளிலும், படையிலும், காவல் துறையிலும் வேரூன்றியது. 1905-இல் தொடங்கிய கோலகங்சார் மலாய்க் கல்லூரி அதன் பழமையான நாற்றங்கால்களில் ஒன்று. மலாய் இளைஞர் இந்த ஆட்டத்தில் சிறந்ததை யாரும் இனத்தின் உடலமைப்பால் விளக்கவில்லை. பள்ளிகள் இருந்தன, பயிற்சி இருந்தது, எனவே ஆட்டக்காரர் உருவாயினர். சிங்கப்பூர் அணி 1978-இல் மலேசிய ரக்பிக் கிண்ணத்தை வென்றபோது அதற்குத் தலைமை தாங்கியவர் நத்தார் பாவா என்னும் இந்திய வம்சாவளியினர். பதினைவர் அணியை ஓர் இந்தியர் வழிநடத்தி வென்ற அந்த ஆண்டிலும், அதன்பின்னும், மலேசியத் தமிழரிடையே ரக்பி பற்றிய பேச்சு மாறவில்லை என்பது சான்றின் குறைவால் அன்று, சான்றைக் கண்ணெடுத்துப் பாராத பழக்கத்தால்.

கேமரன் மலைக்கு மட்டும் உரிய தடைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை உண்மையானவை. ரக்பித் திடலுக்கு நூறு மீட்டர் நீளமும் எழுபது மீட்டர் வரை அகலமும் உள்ள சமநிலம் தேவை. மலையில் சமநிலம் எங்கே கிடைத்தாலும் அங்கே முதலில் தொழிற்சாலை, பின்பு லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு, கோயில், பள்ளி, இன்று காய்கறிக்கான நெகிழிக் கூடாரம் என்று வரிசை நிற்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் பதினைவர் அணியை ஒரு பள்ளியால் திரட்ட இயலாது. நிருவாக முறையில் கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. மாநில அணிக்கான தேர்வு என்றால் நாட்டின் மறுகரையில் உள்ள குவாந்தான் நோக்கிப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும், மலையிலிருந்து மிக அருகில் இறங்கக்கூடிய பெருநகரான ஈப்போவோ பேராக் மாநிலத்தது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு நாள் தேர்வுக்குப் போய்வரும் செலவு எவ்வளவு, உடன் செல்லும் பெற்றோருக்கு எத்தனை நாள் சம்பளம் போகும் என்று கணக்கிடுபவர்கள், அப்பிள்ளை போகாததற்கு அதன் எலும்பு காரணம் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

இத்தடைகள் கடக்கக்கூடியவை என்பதற்குச் சான்று இன்னொரு தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் சிலிகுரிக்கு அப்பால், வைகுந்தபூர்க் காட்டின் ஓரத்தில் அமைந்த சரஸ்வதிபூர்த் தேயிலைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஆதிவாசி, நேபாளிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் முன்னோரும் தமிழரைப் போலவே ஆள்திரட்டிகளால் கொண்டுவரப்பட்டவர்கள். பால் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர் 2004-இல் கொல்கத்தாவில் தொடங்கிய ஜங்கிள் குரோஸ் என்னும் ரக்பி அமைப்பு, ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் துணையோடு, 2013-இல் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொண்டு சென்றது. சில ஆண்டுகளில் அத்தோட்டத்துப் பெண்கள் பலர் இந்திய அணிக்குத் தேர்வாகும் நிலையை எட்டினர். அவர்களுள் சந்தியா ராய் நாட்டுக்காக ஆடியதோடு, தம் ஊரில் இளையவர்களைப் பழக்கும் பணியையும் ஏற்று, ஆசிய ரக்பி அமைப்பின் பாராட்டைப் பெற்றார். பால்ய மணமும் ஆள்கடத்தலும் அச்சுறுத்தும் ஒரு பகுதியில், தேயிலை பறிப்பவரின் மகள் கடவுச்சீட்டோடு வெளிநாட்டுத் திடலில் இறங்கினார். இந்தியப் பெண்கள் 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்று பதினைவர் ஆட்டத்தில் தம் முதல் வெற்றியைப் பெற்றனர்; அவ்வெற்றியில் முன்னின்ற சுமித்ரா நாயக் ஒடிசாவின் பழங்குடி மாணவர் விடுதிப் பள்ளியில் பயின்றவர்.

சரஸ்வதிபூரைக் கேமரன் மலையோடு ஒப்பிட்டால், அங்கே வறுமை மிகுதி, பள்ளி வசதி குறைவு, சாலை மோசம். கேமரன் மலையைவிடச் சாதகமாக அங்கே இருந்தது ஒன்றே: இந்தப் பிள்ளைகளால் முடியாது என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், வாரந்தவறாமல் வந்து நின்ற பயிற்சியாளர்கள். உடம்புக் கொள்கை பேசுவோர் இந்த ஒரு தோட்டத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். அப்பெண்கள் உயரத்திலும் எடையிலும் கேமரன் மலைப் பெண்களை மிஞ்சியவர்கள் அல்லர்.

ஃபிஜித் தீவுகளை எதிர்ச்சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அங்கே 1879 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர் கொண்டுவரப்பட்டனர், 1903 முதல் தென்னிந்தியரும் சேர்ந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே மண்ணில் வாழ்ந்தும் ரக்பி பூர்வகுடி ஃபிஜியரின் ஆட்டமாகவும் கால்பந்து இந்தியரின் ஆட்டமாகவும் நின்றுவிட்டதே, இது உடம்பால் அன்றி வேறு எதனால் என்பது அவர்கள் வாதம். இந்தியர் தோட்டக் குடியிருப்புகளிலும் பூர்வகுடியினர் தம் கிராமங்களிலும் வாழும்படி குடியேற்ற ஆட்சி இரு சமூகத்தையும் பிரித்தே வைத்திருந்தது. பள்ளி தனி, திடல் தனி, போட்டி தனி. இரு குழந்தைகளை இரண்டு வெவ்வேறு திடலில் வளர்த்துவிட்டு, அவர்கள் வெவ்வேறு ஆட்டம் ஆடுவதற்குக் குருதியைக் காரணமாகச் சொல்வது ஆராய்ச்சியாகாது.

ரக்பியில் காயம் உண்டு, தலையில் அடிபடும் ஆபத்து உண்டு என்ற பெற்றோரின் கவலை இவற்றினின்று வேறானது, அது மதிக்கத்தக்கது. உலக ரக்பி அமைப்பே தலைக்காயச் சோதனையைக் கட்டாயமாக்கியும், தோளுக்கு மேலே பிடிப்பதைத் தண்டித்தும் வருகிறது. சிறுவருக்கு மோதலற்ற, தொட்டாலே பிடிபட்டதாகக் கொள்ளும் வடிவம் உண்டு. இப்பாதுகாப்புகள் தம் பள்ளியில் உண்டா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. இந்த ஆட்டத்தால் என்ன பயன், சோறு போடுமா என்ற கேள்வியும் எழுகிறது. ஆசியாவில் ரக்பியால் செல்வரானோர் மிகச் சிலர். நவரத்தினம் ஆடிய காலத்தில் ஒரு காசும் கிடையாது. ஆயினும் மலாய்ப் பெற்றோரோ சீனப் பெற்றோரோ தம் பிள்ளை பள்ளிக்காக ஆடுவதற்குமுன் இக்கேள்வியை இவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளையின் ஒவ்வோர் அசைவும் வருமானமாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தோட்டம் விட்டுச்சென்ற எச்சமே.

தேவைப்படுவது பெரும் அரங்கம் அன்று. எழுவர் ஆட்டத்துக்கு ஒரு சிறு பள்ளியும் அணி திரட்டலாம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய இடங்களின் பள்ளிகள் ஒன்றோடொன்று மோதும் ஒரு பருவப் போட்டிக்கு அரைத் திடலும், பத்துப் பந்தும், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற இரண்டு ஆசிரியரும் போதும். சடுகுடு தெரிந்த பெரியவர்கள் மலையில் இன்னும் இருக்கின்றனர். பிடியைக் கற்பிக்க அவர்களை அழைக்கலாம். மாநிலத் தேர்வுக்குச் செல்லும் பிள்ளையின் பயணச் செலவையும் உடன் செல்பவரின் இழந்த நாள் சம்பளத்தையும் ஏற்பது, ஒரு கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் சிறு பகுதியே ஆகும். 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டுத் தொழிலாளர் கேட்டதும் அதுவே. பெண் பிள்ளைகளை முதலில் சேர்ப்பது நல்லது, ஏனெனில் ஆசியாவில் பெண்கள் ரக்பி இன்னும் இளமையானது, தேசிய அணி வரையிலான தொலைவு அங்கே குறைவு. இவ்வாறு பத்தாண்டு நடத்திய பின்னும் கேமரன் மலையிலிருந்து ஒரு பெயரும் மாநிலப் பட்டியலில் ஏறவில்லை என்றால், உடம்பைப் பற்றிய பழைய கூற்றை அப்போது மீண்டும் எடுத்துப் பேசலாம். அதுவரை அதைச் சொல்வதற்கு யாரிடமும் எந்தச் சான்றும் இல்லை.